கிரைண்டர் ஸ்டாண்டில் நேராக வெட்டுவது: புதிதாகத் தொடங்குவோருக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களில் பல வீடுகளில் இரும்பைத் தேய்க்கவும் வெட்டவும் ஒரு 4 அங்குல கிரைண்டர் இருக்கும். கேட்டில் ஏறிய துருவைச் சுரண்டவோ, இறுகிப்போன போல்ட்டை அறுத்தெடுக்கவோ எப்போதோ வாங்கியிருப்பார்கள். அதே கிரைண்டரை ஓர் இரும்பு ஸ்டாண்டில் பூட்டினால், கைப்பிடியை இறக்கி வெட்டுகிற சின்ன கட்டிங் மெஷின் கிடைத்துவிடும். பூச்சட்டி ஸ்டாண்ட், கோழிக் கூண்டு, வாசலில் வைக்கும் சாமி மேடைக்குக் கால், தைப்பூசத்துக்குக் காவடிச் சட்டம் என்று வீட்டில் செய்ய நினைக்கும் எதற்கும் ஒரே நீளத்தில், நேரான முனையோடு வெட்டிய துண்டுகள் வேண்டும். கிரைண்டரைக் கையில் பிடித்து வெட்டினால் நாலு காலும் நாலு விதமாகத்தான் வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டாண்டை வாங்கி வந்த அன்றே பூட்டி வெட்டத் தொடங்குகிறவர்கள்தான் "இது கோணலாகத்தான் வெட்டும்" என்று அலுத்துப்போய் மூலையில் வைத்துவிடுகிறார்கள். ஒரு ஹாலோவை, அதாவது உள்ளே வெற்றாக இருக்கும் சதுர இரும்புக் குழாயை, வெட்ட அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடம் சரியாக அமைய, அதற்கு முன்னால் பொருத்துவதற்கும் சரிபார்ப்பதற்கும் ஒரு காலைப்பொழுது முழுக்கச் செலவழிக்க வேண்டும். ஒரு தடவை செலவழித்தால் போதும், பிறகு பல மாதம் அது உங்களுக்கு உழைக்கும்.

எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது

பட்டறைகளில் பார்க்கும் 14 அங்குல மெஷினில் 355 மி.மீ. டிஸ்க் (வெட்டும் வட்டு) ஓடும். அதன் மோட்டார் 2,000 வாட்டுக்கு மேல், வேகம் நிமிடத்துக்குச் சுமார் 3,800 சுற்று. நம்முடைய 4 அங்குல கிரைண்டர் 700 முதல் 850 வாட்தான். ஆனால் நிமிடத்துக்கு 11,000, 12,000 சுற்று என்று பறக்கும். பலம் குறைவு, வேகம் அதிகம். அதனால் மெல்லிய இரும்பைச் சுத்தமாக வெட்டும், தடித்த இரும்பில் திணறும்.

ஆழத்துக்கும் எல்லை உண்டு. டிஸ்க் 105 மி.மீ. இருந்தாலும் நடுவில் நட்டும் கிரைண்டரின் தலையும் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், இரும்புக்குள் இறங்குவது 25 முதல் 30 மி.மீ. வரைதான். 1 அங்குல ஹாலோ, 1 அங்குல ஆங்கிள் (எல் வடிவ இரும்பு), ஃபிளாட் பார் (பட்டை இரும்பு), 10 அல்லது 12 மி.மீ. கம்பி, திரெட் ராட் (மரை போட்ட கம்பி) எல்லாம் இதற்கு ஏற்றவை. ஒன்றரை அங்குல ஹாலோவை ஒரு பக்கம் பாதி வெட்டி, திருப்பிப் போட்டு மறுபாதியை வெட்ட வேண்டியிருக்கும். நாலு பக்கமும் மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டிருந்தால் இரண்டு வெட்டும் ஒன்றோடொன்று சரியாகச் சேரும். 2 அங்குலத்துக்கு மேல் என்றால் பட்டறைக்கே கொண்டுபோங்கள். வீடு முழுக்க ஜன்னல் கிரில் செய்யப்போகிறவர்களும் பெரிய மெஷினை வாங்குவதுதான் சரி.

மரத்தை இதில் வெட்டாதீர்கள். இரும்பு டிஸ்க் மரத்தை வெட்டாமல் கருக்கும். பல் வைத்த ரம்ப பிளேடைக் கிரைண்டரில் மாட்டுவது அதைவிட மோசம். அது மரத்தில் கவ்விக்கொண்டு துள்ளும். விரல் போனவர்கள் கதை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் அஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டையும் தொடாதீர்கள். அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.

கடையில் என்ன பார்க்க வேண்டும்

ஹார்ட்வேர் கடையில் தவுக்கே (கடை முதலாளி) காட்டுகிற ஸ்டாண்டுகள் தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். கைப்பிடி இருக்கும் முனையைப் பிடித்து இடது வலமாக ஆட்டிப் பாருங்கள். சுழல்கிற மூட்டில் ஆட்டம் அதிகமாக இருந்தால் அந்த ஸ்டாண்டை எவ்வளவு சரிசெய்தாலும் நேராக வெட்டாது. லேசான ஆட்டம் எல்லாவற்றிலும் உண்டு, போல்ட்டை இறுக்கினால் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள். அடித்தட்டு கனமாக இருக்க வேண்டும். ஸ்டாண்டின் கையை, அதாவது கிரைண்டர் பூட்டுகிற சட்டத்தை, இறக்கிவிட்டு விட்டால் ஸ்பிரிங் அதைத் தானாக மேலே தூக்க வேண்டும். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் இரண்டு தாடையும் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும்.

டிஸ்க்கை மூடிக் காக்கும் கார்ட் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். சில ஸ்டாண்டுகளில் பொருத்துவதற்குக் கிரைண்டரின் சொந்தக் கார்டைக் கழற்ற வேண்டியிருக்கும். அப்படியானால் டிஸ்க்கின் மேல்பாதியையும் உங்களைப் பார்க்கும் பக்கத்தையும் மூடுகிற கார்ட் ஸ்டாண்டிலேயே இருக்க வேண்டும். அதுவும் இல்லை என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

வாங்கும்போது உங்கள் கிரைண்டரைக் கையோடு எடுத்துப் போனால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். பக்கக் கைப்பிடி மாட்டுகிற துளைகளில்தான் ஸ்டாண்டின் போல்ட்டுகள் ஏறும். 4 அங்குல கிரைண்டர்களில் அது பெரும்பாலும் எம்8 மரை (8 மி.மீ. போல்ட்). சிலவற்றில் எம்10. கடையிலேயே ஒரு போல்ட்டைத் திருகிப் பார்த்துவிடலாம்.

பொருத்துதல்

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் எல்லாவற்றையும் தொடங்க வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வேலை பார்ப்பது போதாது.

கிரைண்டரின் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும். டிஸ்க் எந்தப் பக்கம் சுழலும் என்று காட்டுவது அதுதான். ஸ்டாண்டில் பூட்டிய பிறகு, உங்களைப் பார்த்திருக்கும் டிஸ்க்கின் முன்விளிம்பு மேலிருந்து கீழே இறங்க வேண்டும். அப்படிச் சுழன்றால் டிஸ்க்கின் அடிப்பாகம் இரும்பை அதன் பின்னால் நிற்கும் பின்தடுப்பை நோக்கித் தள்ளும், பொறியும் பின்பக்கம் போகும். தலைகீழாகப் பூட்டினால் பொறி உங்கள் நெஞ்சுக்கு வரும், இரும்பும் வைஸிலிருந்து உங்களை நோக்கி இழுபடும். அம்பைப் பார்க்காமல் எந்தப் போல்ட்டையும் இறுக்காதீர்கள்.

போல்ட்டின் நீளத்தையும் கவனியுங்கள். துளையின் ஆழத்தைவிட நீளமான போல்ட்டைப் பலமாகத் திருகினால் முனை உள்ளே முட்டி, கிரைண்டரின் தலையே வெடித்துவிடலாம். ஒரு குச்சியை உள்ளே விட்டு ஆழத்தை அளந்து, ஸ்டாண்ட் தகட்டின் தடிப்பைக் கூட்டி, அதற்குக் கொஞ்சம் குறைவான போல்ட்டை எடுங்கள். ஸ்பிரிங் வாஷர் கட்டாயம். கிரைண்டரின் அதிர்வில் முதல் சில வெட்டுகளுக்குள்ளேயே போல்ட்டுகள் தளரும். நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, மறுபடி இறுக்குங்கள்.

சுவிட்ச் பற்றி ஒரு வார்த்தை. அழுத்திப் பிடித்திருந்தால் மட்டும் ஓடுகிற சுவிட்ச் உள்ள கிரைண்டரைச் சிலர் கேபிள் டை போட்டுக் கட்டி ஸ்டாண்டில் ஓட்டுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். கையை எடுத்தால் நின்றுவிட வேண்டும் என்பதற்காகவே அந்தச் சுவிட்ச் அப்படி இருக்கிறது. தள்ளிவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும் சுவிட்ச் என்றாலும் ஓர் ஆபத்து உண்டு. வேலை நடுவில் கரண்ட் போய்விட்டால் சுவிட்ச் ஓடும் நிலையிலேயே நிற்கும். கரண்ட் திரும்பியதும் யாரும் தொடாமலே டிஸ்க் சுழலத் தொடங்கும். கரண்ட் போனால் முதல் வேலை சுவிட்சை அணைப்பது, இரண்டாவது வேலை பிளக்கைப் பிடுங்குவது. சுவிட்ச் வைத்த எக்ஸ்டென்ஷன் ஒன்றை இடது கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துக்கொண்டால் அவசரத்துக்கு உதவும்.

டிஸ்க்

1 முதல் 1.2 மி.மீ. தடிப்புள்ள கட்டிங் டிஸ்க் போதும். தேய்க்கிற தடித்த டிஸ்க்கால் வெட்டக்கூடாது, வெட்டுகிற டிஸ்க்கின் பக்கவாட்டில் எதையும் தேய்க்கவும் கூடாது. எவர்சில்வர் வெட்ட அதற்கென்று தனி டிஸ்க் உண்டு. அலுமினியம் சாதாரண டிஸ்க்கில் அப்பிக்கொண்டு அடைத்துவிடும், அலுமினியத்துக்கு என்று எழுதியதையே கேட்டு வாங்குங்கள். அலுமினியக் குழாயில் காவடி கட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

டிஸ்க்கின் முகத்தில் அதிகபட்ச வேகம் அச்சிட்டிருக்கும். பெரும்பாலான கட்டிங் டிஸ்க்குகள் விளிம்பில் விநாடிக்கு 80 மீட்டர் வேகம் வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. 125 மி.மீ. டிஸ்க்குக்கு இது நிமிடத்துக்கு ஏறக்குறைய 12,200 சுற்று. 355 மி.மீ. டிஸ்க்குக்கோ சுமார் 4,300 சுற்றுதான். டிஸ்க் பெரிதாகப் பெரிதாக அது தாங்கும் சுற்று குறைந்துகொண்டே போகிறது. அதனால்தான் கார்டைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் பெரிய டிஸ்க்கை மாட்டினால் ஆழமாக வெட்டலாமே என்ற யோசனை உயிருக்கே ஆபத்தானது. உங்கள் கிரைண்டரின் வேகத்தைவிட டிஸ்க்கில் எழுதிய வேகம் அதிகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

நடுவில் இருக்கும் இரும்பு வளையத்தையும் பாருங்கள். நல்ல டிஸ்க்குகளில் அங்கே மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அது காலாவதித் தேதி, தயாரித்ததிலிருந்து 3 ஆண்டு என்பது வழக்கம். டிஸ்க்கைக் கட்டிவைத்திருப்பது பிசின். நம் ஊர் ஈரக்காற்றில் அது மெல்ல மெல்லப் பலமிழக்கும். மழை பெய்தால் நனைகிற ஸ்டோரில் கிடந்த டிஸ்க்கை மாட்டாதீர்கள். விளிம்பு உடைந்தது, கீறல் விழுந்தது, ஒருமுறை கீழே விழுந்தது எதுவாக இருந்தாலும் குப்பைக்குத்தான்.

மாட்டும்போது நட்டின் எந்தப் பக்கம் டிஸ்க்கைத் தொடுகிறது என்று பாருங்கள். 4 அங்குல கிரைண்டரின் நட்டில் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு. மெல்லிய டிஸ்க்குக்குத் தட்டைப் பக்கம் உள்ளே வர வேண்டும். மேட்டை உள்ளே வைத்தால் நட்டு இறுகியதுபோல் தெரியும், ஆனால் டிஸ்க் கையால் சுற்றினால் தனியே சுழலும். ஸ்பேனரால் மிதமாக இறுக்கினால் போதும், ஓடும்போது தானாகவே இறுகிக்கொள்ளும். புது டிஸ்க் மாட்டியதும் ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். குறையுள்ள டிஸ்க் உடைவதானால் பெரும்பாலும் அப்போதே உடைந்துவிடும்.

இடமும் கரண்டும்

ஸ்டாண்டைத் தரையில் வைத்துக் குந்திக்கொண்டு வெட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. முகம் டிஸ்க்குக்கு நேராக வந்துவிடுவதால் அது வேண்டாம். 18 மி.மீ. பிளைவுட்டில் நாலு போல்ட் போட்டு ஸ்டாண்டை இறுக்கி, அந்தப் பலகையை இடுப்பு உயர மேசையில் கிளாம்ப் செய்யுங்கள். வெட்டப்போகிற இரும்பின் வால் தொங்கக்கூடாது. ஸ்டாண்டின் அடித்தட்டு உயரத்துக்குச் சமமான மரக்கட்டை ஒன்றிரண்டை மேசையில் தாங்கலாக வைத்துக்கொள்ளுங்கள்.

850 வாட் கிரைண்டர் 240 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர் அளவுதான் இழுக்கும், 13 ஆம்பியர் பிளக்குக்கு அது சுமையே இல்லை. எக்ஸ்டென்ஷன்தான் பிரச்சினை. சுருட்டிவைத்த கயிறு மாதிரி டிரம்மிலேயே விட்டு ஓட்டினால் ஒயர் சூடேறும், முழுக்க இழுத்து விடுங்கள். மலேசியாவின் தரச் சான்றான சிரிம் முத்திரை உள்ளதாக வாங்குங்கள். வீட்டு மெயின் பெட்டியில் கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து, அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் விழ வேண்டும். பழைய லயத்து வீடுகளில் அது இல்லாமலே இருக்கலாம். அப்படியானால் வயர்மேனை அழைத்து அதைப் போட்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

பொறி போகும் பக்கத்தில் காய்ந்த ஓலை, தின்னர், புல்வெட்டும் மெஷினின் பெட்ரோல், கேஸ் சிலிண்டர் எதுவும் இருக்கக்கூடாது. ஒரு தகர எண்ணெய் டின்னைப் பிளந்து விரித்து ஸ்டாண்டின் பின்னால் நிறுத்தினால் பொறி அதிலேயே விழும். கார் நிறுத்தும் போர்ச்சில் வெட்டுகிறவர்கள் காரை வெளியே எடுத்துவிடுங்கள். பொறி கண்ணாடியில் பட்டால் ஒட்டிக்கொண்டு புள்ளி புள்ளியாகக் குழி விழும், பிறகு எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது. டைல்ஸில் விழுந்த இரும்புத் தூளை அன்றே கூட்டி எடுக்காவிட்டால் ஓர் இரவு ஈரத்திலேயே துருவாகிப் பழுப்புக் கறை பிடித்துவிடும். அம்மாவிடமும் மனைவியிடமும் திட்டு வாங்க வைப்பது பெரும்பாலும் இந்தக் கறைதான்.

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் சுவருக்கு அந்தப் பக்கமே அடுத்த வீடு. கிரைண்டரின் சத்தம் சின்னச் சத்தம் இல்லை. பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத் தொடங்குவதும், வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் நிறுத்திவைப்பதும் நல்ல பழக்கம்.

மூலைமட்டம்: இதில்தான் எல்லாம் இருக்கிறது

பிளக்கைப் பிடுங்கிய நிலையில், புது டிஸ்க் மாட்டி, ஸ்டாண்டின் கையைக் கீழே இறக்கிப் பிடிக்க ஒருவரைக் கூப்பிடுங்கள். இரண்டு கோணங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, டிஸ்க் அடித்தட்டுக்குச் செங்குத்தாக நிற்கிறதா. மூலைமட்டத்தை அடித்தட்டில் நிறுத்தி டிஸ்க்கின் பக்கத்தோடு ஒட்டி வையுங்கள். காகித லேபிளின் மேல் வைக்காமல் டிஸ்க்கின் வெறும் பரப்பில் வையுங்கள். பின்னால் டார்ச் அடித்தால் எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே இடைவெளி. மேலே கசிந்தால் ஒரு பக்கம் சாய்வு, கீழே கசிந்தால் மறுபக்கம். இதைச் சரிசெய்யக் கிரைண்டரைப் பிடிக்கும் தகட்டுக்கும் கிரைண்டருக்கும் நடுவில் மெல்லிய தகடு சொருக வேண்டும். குளிர்பானக் கேனின் சுவரைக் கத்தரித்தால் கிடைப்பது 0.1 மி.மீ. அளவுத் தகடு. இதைவிட நல்ல பொருள் எந்தக் கடையிலும் கிடைக்காது. வாஷர் மாதிரி நடுவில் ஓட்டை போட்டு ஒன்று சொருகுங்கள், இறுக்குங்கள், பாருங்கள். போதவில்லை என்றால் இன்னொன்று. விளிம்பு கையைக் கிழிக்கும், கவனம்.

இரண்டாவது, டிஸ்க் பின்தடுப்புக்கு 90 பாகையில் இருக்கிறதா. மூலைமட்டத்தின் ஒரு கையைப் பின்தடுப்போடு ஒட்டி, மறுகையை டிஸ்க்கோடு ஒட்டிப் பாருங்கள். பின்தடுப்பைப் பிடிக்கும் போல்ட்டைத் தளர்த்தித் திருப்பினால் இது எளிதில் சரியாகும். ஸ்டாண்டில் பாகை எண்கள் போட்டிருப்பார்கள். அதை நம்பாதீர்கள். மூலைமட்டம் சொன்ன இடத்தில் ஆணியால் உங்கள் சொந்தக் கீறலைப் போட்டு வையுங்கள்.

கண்ணுக்குச் சரி என்று பட்டதும் சோதனை வெட்டு ஒன்று போட வேண்டும். வெட்டப்போகும் முறையைக் கீழே சொல்கிறேன், சரிபார்க்கும் முறையை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு துண்டு 1 அங்குல ஹாலோவை நடுவில் வெட்டுங்கள். ஆறிய பிறகு பிசிறை அரத்தால் எடுத்துவிட்டு, இரண்டு பாதியையும் வெட்டிய முனை ஒன்றையொன்று தொடும்படி ஒரு நேரான பலகையோரத்தில் ஒட்டி வையுங்கள். இப்போது ஒரு பாதியை மட்டும் அதன் நீளவாக்கில் அரைச் சுற்று உருட்டி, மறுபடி முனையோடு முனை சேருங்கள். வெட்டு நேராக இருந்தால் இடைவெளி இல்லாமல் சேரும். கோணலாக இருந்தால் ஒரு பக்கம் வாய் திறந்து நிற்கும். திறந்திருக்கும் அளவு உண்மையான பிழையைப்போல் இரண்டு மடங்கு. ஒரு முடி அளவுப் பிழைகூட இதில் ஒளிந்துகொள்ள முடியாது. எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை வைத்து, சாய்வைத் திருத்துவதா பின்தடுப்பைத் திருத்துவதா என்று தெரிந்துகொள்ளலாம். இடைவெளி மறையும்வரை விடாதீர்கள். பொறுமையிழந்து "பரவாயில்லை" என்று விட்ட அரை மில்லிமீட்டர், வெல்டிங் வைக்கும்போது ஓட்டையாக வந்து நிற்கும்.

உடம்பைக் காக்க

பக்கவாட்டிலும் மூடுகிற பாதுகாப்புக் கண்ணாடி, அதன் மேல் முகம் முழுக்க மூடும் ஷீல்ட். இரண்டும் வேண்டும், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று இல்லை. டிஸ்க் உடைந்தால் ஷீல்ட் தாங்கும், ஷீல்டின் அடியில் புகுந்து வரும் தூளைக் கண்ணாடி தாங்கும். காதுக்கு அடைப்பான். மூக்குக்கு என்95 முகக்கவசம், அதிலும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் வெட்டும்போது கட்டாயம். துத்தநாகப் புகை உள்ளே போனால் அன்று இரவே காய்ச்சலும் குளிரும் வரும். பருத்திச் சட்டை, நீளக் கால்சட்டை, மூடிய காலணி. சிலிப்பர் போட்டு நிற்பது கூடாது. தோட்டத்தில் செம்பனைக் குலை பொறுக்கப் போடும் பின்னல் கையுறையும் வேண்டாம். அதன் நூல் டிஸ்க்கில் மாட்டினால் கையையே உள்ளே இழுக்கும். கையுறை போடுவதானால் கையோடு ஒட்டிய தோல் கையுறை. தலைமுடி, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, சாமிக் கயிறு எல்லாம் உள்ளே அடங்கியிருக்கட்டும்.

கண்ணில் தூள் விழுந்தால் கசக்காதீர்கள். தண்ணீரில் கழுவியும் உறுத்தினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரும்புத் துகள் கண்ணுக்குள்ளேயே துருப்பிடிக்கும்.

வெட்டுவோம்: ஒரு பூச்சட்டி ஸ்டாண்ட்

24 அங்குல உயரத்தில் 4 கால், மேலேயும் கீழேயும் சேர்த்து 10 அங்குலக் குறுக்குச் சட்டம் 8. 1 அங்குல ஹாலோவில் செய்தால் வெளியளவு 12 அங்குலச் சதுரம். பெரிய துளசிச் சட்டிக்கும் போதும். மொத்தம் 176 அங்குலம். ஹாலோ 20 அடி நீளத்தில் வரும், அதாவது 240 அங்குலம். ஒவ்வொரு வெட்டிலும் டிஸ்க் தின்பது 1.2 மி.மீ.க்குச் சற்று மேல். 12 வெட்டுக்கு ஏறத்தாழ 15 மி.மீ. கடையிலேயே 10 அடி, 10 அடியாகப் பாதியாக்கித் தரச் சொல்லலாம். முதல் பாதியில் 4 காலும் 2 குறுக்கும், இரண்டாவது பாதியில் மீதி 6 குறுக்கும் வந்துவிடும். மிச்சம் கிட்டத்தட்ட 5 அடி.

எப்போதும் நீளமானதை முதலில் வெட்டுங்கள். நீளமான துண்டில் தப்பினாலும் அதைச் சின்னத் துண்டாக்கிக்கொள்ளலாம்.

குறி போடச் சாக்பீஸ் வேண்டாம், அதன் கோடே 2 மி.மீ. தடிப்பு. கூரான ஆணியாலோ கத்தி முனையாலோ கீறுங்கள். டிஸ்க் கோட்டின் மேல் இறங்காமல், வேண்டாத துண்டின் பக்கம் கோட்டை ஒட்டி இறங்க வேண்டும். பிளக் பிடுங்கிய நிலையில் ஸ்டாண்டின் கையை இறக்கி, டிஸ்க் கோட்டை எங்கே தொடுகிறது என்று பார்த்து, இரும்பை நகர்த்தி, வைஸை இறுக்குங்கள். கையால் ஆட்டினால் அசையவே கூடாது. வேண்டாத துண்டை எதுவும் பிடித்திருக்கக்கூடாது. வெட்டு முடியும்போது அது தானாக விலகி விழ வேண்டும். இரண்டு பக்கமும் பிடித்திருந்தால் வெட்டு மூடிக்கொண்டு டிஸ்க்கைக் கவ்வும், டிஸ்க் சிதறும்.

ஒரே நீளத்தில் 8 துண்டு வேண்டும் என்றால் ஒவ்வொன்றையும் அளக்க வேண்டியதில்லை. டிஸ்க்கிலிருந்து 10 அங்குலத்தில் ஒரு கட்டையைக் கிளாம்ப் செய்து, ஹாலோவின் முனையை அதில் முட்டவைத்து வைஸை இறுக்குங்கள். பிறகு, டிஸ்க்கை ஓடவிடுவதற்கு முன், அந்த முட்டுக்கட்டையை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் வெட்டிய துண்டு கட்டைக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். கட்டையின் இடத்தை மேசையில் கீறிவைத்தால் திரும்பத் திரும்ப வைக்கலாம். முதல் துண்டை மட்டும் அளந்து பாருங்கள்.

இப்போது பிளக். டிஸ்க் சுழலும் கோட்டில் நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். வலது கை கைப்பிடியில், இடது கை இரும்பைவிட்டுத் தள்ளி. சுவிட்சைப் போட்டு முழு வேகம் வரும்வரை காத்திருங்கள். மெதுவாக இறக்கி, தொட்டும் தொடாமலும் ஒரு கீறல் போடுங்கள். கீறல் கோட்டோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்தத்தைக் கூட்டுங்கள். கூட்டுவது என்றாலும் கையின் எடையே போதும். தோட்டப் பட்டறையில் ஃபிட்டராக இருந்த என் மாமா ஒருவர் "சத்தத்தைக் கேட்டு வெட்டுடா" என்பார். அதுதான் சரியான அளவுகோல். ஒரே சீராக இரைந்தால் நல்ல அழுத்தம். சத்தம் அடங்கி முனகினால் அதிகம், உடனே கொஞ்சம் தூக்குங்கள். அதிகம் அழுத்தினால் 1 மி.மீ. டிஸ்க் வளைந்து வெட்டு கோணலாகும். நீங்கள் காலை முழுக்க மூலைமட்டம் பிடித்தது அந்த ஒரு நொடியில் வீணாகும்.

ஹாலோவின் மேல் தகடு சட்டென்று அறும். இரண்டு பக்கத் தகடுகளில் சுலபமாக இறங்கும். அடித்தகட்டைத் தொடும்போது திடீரென்று இழுவை கூடும், அங்கே கையைத் தளர்த்துங்கள். முடிவில் இரும்பு விடும்போது ஸ்டாண்டின் கை தொப்பென்று இறங்காமல் தாங்கிப் பிடியுங்கள். டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலே தூக்கி, அதன் பிறகு அணையுங்கள். மரத்துண்டை வைத்து அழுத்தி நிறுத்தாமல் தானாக நிற்கட்டும். நின்ற பிறகுதான் வைஸ் பக்கம் கை போக வேண்டும். வெட்டிய முனை கொதிக்கும். இடுக்கியால் எடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்காதீர்கள்.

ஆங்கிள் வெட்டும்போது அதன் முதுகு மேலே வரும்படி, கூரை போலக் கவிழ்த்து வையுங்கள். வைஸ் அதன் இரண்டு ஓரங்களையும் கவ்வும். 1 அங்குல ஆங்கிள் அப்படி வைத்தால் 18 மி.மீ. உயரம்தான். டிஸ்க் எளிதாகக் கடந்துபோகும்.

45 பாகை வெட்டும் இதே கதைதான். பின்தடுப்பைத் திருப்பி, மூலைமட்டத்துக்குப் பதில் 45 பாகை மட்டத்தை வைத்துப் பாருங்கள். சாய்த்து வெட்டும்போது இரும்பின் அகலம் கூடுவதால் டிஸ்க் எட்டுகிறதா என்று முதலில் ஸ்டாண்டின் கையை இறக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் நேர் வெட்டிலேயே சட்டம் கூட்டக் கற்றுக்கொள்வது நல்லது. பலமும் குறையாது, திறந்திருக்கும் முனைகளுக்குப் பிளாஸ்டிக் மூடி கடையில் கிடைக்கும்.

டிஸ்க் தேயத் தேயச் சின்னதாகும், ஆழமும் குறையும். அடித்தகடு அறாமல் நின்றால் அழுத்திப் பிரயோஜனம் இல்லை, புது டிஸ்க் மாட்டுங்கள். தேய்ந்ததைப் பத்திரப்படுத்தினால் கம்பி வெட்ட உதவும்.

முடித்த பிறகு

பிளக்கைப் பிடுங்கி, கிரைண்டரின் காற்றுத் துவாரங்களில் புகுந்த தூளைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பொறி விழுந்த பக்கத்தை அரை மணி நேரமாவது விட்டுப் போகாதீர்கள். துணிக் குவியலிலோ சருகிலோ விழுந்த ஒரு பொறி முதலில் புகையாமல் உள்ளுக்குள் கனன்று, நீங்கள் சாப்பிட உட்காரும்போது எரியத் தொடங்கும். ஒரு வாளித் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். கை மீறினால் 999.

வெட்டிய முனைகளின் பிசிறை உள்ளேயும் வெளியேயும் அரத்தால் எடுங்கள். வெல்டிங் வைக்கிற இடத்தைத் தவிர மற்ற இடங்களில் அன்றே பிரைமர் பூசிவிடுங்கள். மாலையில் மழை வந்தால் வெறும் இரும்பு மறுநாள் காலைக்குள் சிவந்துவிடும். மிஞ்சிய டிஸ்க்குகளை ஒரு பிஸ்கட் டின்னில் தட்டையாகப் படுக்கவைத்து, இறுக்கமாக மூடி, அலமாரியில் வையுங்கள். ஸ்டோர் ரூம் தரையில் வைக்க வேண்டாம்.